பாதியில் வெட்டிய தலைப்பு

அத்தை தினமும் காலையில் முதலில் படிப்பது அஞ்சலிப் பகுதியைத்தான். மழை வருமா, பஸ் ஓடுமா, விலைவாசி ஏறியதா என்பதெல்லாம் அப்புறம். யார் போனார், என்ன வயது, எப்படிப் போனார் என்று தெரிந்தால்தான் அவருக்குக் காபியே இறங்கும்.

“இதுல என்ன அத்தை அப்படி ஒரு ஆர்வம்?” என்று மருமகள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சா மனசுக்கு ஒரு நிம்மதி. அதுக்குத்தான்” என்றார் அத்தை.

பல் டாக்டர், சலவைக் கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர் என்று வட்டாரத்தில் பலருக்கும் வீட்டில் இருந்தபடியே வலைத்தளம் செய்துகொடுப்பது மருமகளின் தொழில். அவர்கள் குடியிருந்த நான்கு கட்டடங்களுக்கும் பொதுவாக ஒரு பக்கம் வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்து கேட்டபோது, அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர் வரும் நேரமும் லிஃப்ட் பழுது பார்க்கும் நாளும் மட்டும் போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் பக்கத்துக்குள் சின்னச் சின்ன ஜன்னல்கள் வைத்தாள். ஒன்றில் போக்குவரத்து அலுவலகத்தின் தளமே அப்படியே தெரியும். அடுத்த வீட்டை எட்டிப்பார்க்கிற மாதிரி, இங்கிருந்தபடியே பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றில் வானிலை. மூன்றாவது, நகரத்து நாளிதழின் செய்தியோடையிலிருந்து வருவது. பத்திரிகைக்காரர்கள் தங்கள் தளத்தில் புதுச் செய்தி ஏற்றினால் போதும், தலைப்பும் படமும் தானாக வந்து இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெட்டியில் எந்தச் செய்தி வர வேண்டும் என்று குடியிருப்பில் கருத்துக் கேட்டார்கள். அத்தை வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, அஞ்சலியை ஜெயிக்க வைத்தார்.

ஜெயித்த பிறகு எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார். மருமகள் பெரிதாக்கினாள். “இன்னும் கொஞ்சம்” என்றார். இன்னும் பெரிதாக்கினாள். எழுத்து பெரிதாகப் பெரிதாக இடம் சுருங்கியது. கடைசியில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு செய்தி, அதிலும் தலைப்பின் முதல் சில சொற்கள் மட்டும் என்று ஆகிவிட்டது. மிச்சத்துக்குப் புள்ளிகள். புள்ளியைத் தொட்டால் பத்திரிகையின் தளத்தில் முழுச் செய்தி திறக்கும். எல்லாருக்கும் திருப்தி.

மாமா அந்தப் பெட்டியைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். வாயைத் திறந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பதால் குடியிருப்பில் அவருக்கு ‘ஹாரன்’ என்றே பெயர். ஓய்வுக்குப் பிறகு செஸ் பலகையின் முன்னால் உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான் எழுந்தார். பக்கத்து ஊரில் மூத்தோருக்கான செஸ் போட்டி என்று தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட வண்டியில் ஓடிய பழைய நடத்துநர் அங்கேதான் இருந்தார். அவர் வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

“முதல் சுத்துலயே வெளியே வந்துடுவேன். அப்புறம் அவனோட ரெண்டு நாள் ஊர்க்கதை பேசிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒருநாள் சாயங்காலம் அங்கிருந்து அவர் ஃபோனில் பேசியபோது, “ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?” என்று அத்தை கேட்டார். “அதை விடு. சாப்பிட்டியா?” என்று மழுப்பினார் மாமா. தோற்றுவிட்டார் என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிக்கொண்டார்கள். “லேசா அசதியா இருக்கு, படுக்கப்போறேன்” என்று வேறு சொல்லி வைத்தார். அந்த ஒரு வாக்கியம்தான் மறுநாள் காலையில் மருமகளின் உயிரை எடுத்தது.

மறுநாள் காலை அவள் கண்ணாடிக் கடைக்காரரின் பக்கத்தில் ஒரு படத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். கணவன் வேலைக்குப் போய்விட்டான். லிஃப்ட் பழுது பார்ப்பவன், எந்தக் கட்டடத்து உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கிறானோ தெரியாது. அத்தை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மூன்றாவது மாடித் தையல்கார அக்கா, கழுத்தில் அளவு நாடா தொங்க, அழுது சிவந்த முகத்தோடு நிற்கிறாள்.

“என்னம்மா இப்படி ஆயிடுச்சு! ஒரு வார்த்தை சொல்லலையே!”

“எது அக்கா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபோனை நீட்டினாள். மருமகள் செய்த பக்கம். மருமகள் வைத்த பெட்டி. மேலே ‘அஞ்சலி’ என்ற தலைப்பு. கீழே, சீருடைத் தொப்பி போட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமாவின் படம். அதற்கும் கீழே, அத்தையின் கண்ணுக்காகப் பெரிதாக்கிய எழுத்தில்:

‘ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் இறுதிச்…’

“இறுதிச் சடங்கு எப்பன்னு பார்க்கலாம்னு தொட்டேன். திறக்கவே மாட்டேங்குது” என்று விசும்பினாள் அக்கா.

மருமகள் அந்த எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கோளாறு, நிச்சயம் கோளாறு என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. ஆனால் படம்? அது யாரோ ஒருவரின் படம் இல்லையே. அந்தத் தொப்பியை அவளே எத்தனை தடவை தூசி தட்டி வைத்திருக்கிறாள்!

அக்காவை உட்கார வைத்துவிட்டுக் கணினியின் முன் பாய்ந்தாள். புள்ளியைத் தொட்டாள். ‘நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை’ என்று வந்தது. பத்திரிகையின் முகப்புக்கே போனாள். ‘தளம் புதுப்பிக்கப்படுகிறது, சற்றுப் பொறுக்கவும்’ என்றது. செய்தியோடையைத் தனியாகத் திறந்து மூலத்தையே படித்துவிடலாம் என்று பார்த்தாள். அங்கேயும் வெற்றுத் திரை. அவளிடம் இருந்தது, விடியற்காலையில் அவளுடைய நிரல் எடுத்து வைத்துக்கொண்ட நகல் மட்டும்தான். அதிலும் தலைப்பை வெட்டித்தான் வைத்திருந்தது. வெட்டச் சொன்னவள் அவள்தான். முழுத் தலைப்பையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள் என்று அந்த நிரலுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்!

மாமாவுக்கு அடித்தாள். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. நடத்துநருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு அடித்தாள். ஒரே பிஸி. போன வருஷம் மாமாவின் இதயத்தில் குழாய் வைத்த டாக்டரின் முகம் வேண்டாத நேரத்தில் நினைவுக்கு வந்தது. கணவனுக்கு அடித்தாள்; நல்லவேளை, எடுத்தான்.

“ஏங்க, பதறாம கேளுங்க” என்று ஆரம்பித்துத் தானே பதறிப்போய்ச் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, “லிஃப்ட் பாதியில தொங்குது, அதை இறக்கி நிறுத்திட்டு நேரா அங்கே போறேன். நீ அம்மாவைப் பார்த்துக்கோ” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

அத்தைக்குத் தெரிவதற்குள் பெட்டியைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தாள். ஒரே வரியை அழித்தாள். பக்கத்திலிருந்து பெட்டி காணாமல் போயிற்று. ஆனால் அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கே கைகூப்புகிற பொம்மைகள் வரிசை வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தால், காலி வாளியோடு அத்தை வாசலில் நிற்கிறார்.

“மாடியில என்னவோ சொல்றாங்க. என்கிட்ட காட்டு.”

“அத்தை, அது என்னோட பெட்டியில ஏதோ கோளாறு...”

“காட்டும்மா.”

தையல்கார அக்கா ஃபோனை நீட்டினாள். அத்தை வாங்கிப் பார்த்தார். அழவில்லை. படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

“கிளம்பு. போய்ப் பார்த்துடுவோம்.”

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் இருவரும் இறங்கினார்கள். கீழே செயலாளர் ஏற்கெனவே காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். எந்தக் காரியத்தையும் முந்திக்கொண்டு செய்துவிடுகிற மனிதர் அவர். அன்றைக்கு அது நல்லதாகவும் போயிற்று, கெட்டதாகவும் போயிற்று.

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. மருமகள் விரல் ஓயாமல் மாமாவின் எண்ணையும் நடத்துநரின் எண்ணையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தாள். அத்தை தையல்கார அக்காவின் ஃபோனைத் திருப்பித் தர மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டார். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

“வயசு போடலையே.”

“என்ன அத்தை?”

“நான் இத்தனை வருஷமா படிக்கிறேன். அஞ்சலின்னா பேருக்குப் பக்கத்துலயே வயசு போடுவான். காலமானார்னு போடுவான், இல்லைன்னா மறைவுன்னு போடுவான். இதுல பேரும் இல்ல, வயசும் இல்ல. எடுத்த எடுப்புல ‘ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்’னு எவன் எழுதுவான்?”

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஃபோனை வாங்கி, கண்ணீர் மறைத்ததால் காலையிலிருந்து சரியாகப் படிக்காத அந்தச் சொல்லை இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தாள். இறுதிச். ஒற்று இருக்கிறது. அடுத்த சொல் ‘ச’ வரிசையில்தான் தொடங்க வேண்டும். சடங்கு என்று அக்கா சொன்னாள், எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வேறு என்ன வரலாம்? இறுதிச் செய்தி. இறுதிச் சொல். இறுதி...

“அத்தை! மாமா நேத்து தோத்துட்டேன்னு சொன்னாரா?”

“சொல்லல. மழுப்பினார்.”

“ஜெயிச்சேன்னாவது சொன்னாரா?”

“அதையும் சொல்லல.”

“இறுதிச் சுத்தா இருந்தா?”

அத்தை மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. மருமகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அப்ப ஃபோன்?”

“போட்டி நடக்கிற இடத்துல ஃபோனை அணைக்கச் சொல்லுவாங்க அத்தை.”

“அப்ப அஞ்சலின்னு ஏன் போட்டிருக்கு?”

‘அஞ்சலி’ என்ற தலைப்பு பத்திரிகையிலிருந்து வருவது இல்லை. மருமகளே எழுதி ஒட்டியது. அதன் கீழே வருவதுதான் அங்கிருந்து வருகிறது. அங்கிருந்து வேறு எதையாவது அனுப்பிவிட்டார்களா? அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நம்பிக்கை வந்து வந்து போயிற்று.

அந்த நேரம் பார்த்துச் செயலாளரின் ஃபோன் அலறியது. கார் ஸ்பீக்கரில் யாரோ ஒரு பூக்கடைக்காரர், “சார், மலர்வளையம் ரெடி. ரிப்பன்ல என்ன எழுதட்டும்?” என்று கணீரென்று கேட்டார்.

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடியில் அத்தையின் முகத்தைப் பார்த்தார். “எதுவும் எழுதாதீங்க... அப்புறம் பேசறேன்” என்று தட்டுத் தடுமாறி வைத்தார்.

“வளையம் வேற சொல்லியாச்சா?” என்றார் அத்தை.

“சங்கத்து சார்பா... ஒரு அவசரத்துல...”

“ஆள் இருக்காரா இல்லையான்னு முதல்ல பார்ப்போம். ரிப்பனை அப்புறம் பார்த்துக்கலாம்.”

நடத்துநரின் வீடு பூட்டியிருந்தது. மருமகள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியா? அடுத்த வீட்டில் ஒரு அம்மாள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இங்கே இருக்கறவர் எங்கேங்க?” என்று மருமகள் கேட்டாள்.

“அவரா? காலையிலேயே ரெண்டு பேருமா கிளம்பிப் போனாங்களே.”

“ரெண்டு பேரும்னா?”

“விருந்தாளி ஒருத்தர் வந்திருக்காரே, அவரும்தான். அப்பப்பா, என்ன குரல் அவருக்கு! குட் மார்னிங்னு ஒரு சத்தம் போட்டார், என் கையிலிருந்த டம்ளரே நழுவிடுச்சு.”

அத்தை அப்படியே நடத்துநர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தானும் அழுகிறோம் என்பது கன்னத்தில் ஈரம் பட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஜன்னல் துடைத்த அம்மாள் ஒன்றும் புரியாமல், உடைந்த டம்ளருக்காக இத்தனை வருத்தமா என்பதுபோல், “பரவாயில்லைங்க, அது பழைய டம்ளர்தான்” என்றார்.

அதைக் கேட்டதும் மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அத்தையும் சிரித்தார். செயலாளர் காருக்குப் பின்னால் நின்று பூக்கடைக்காரரிடம், “வேண்டாங்க. இல்லைங்க, இல்லைங்க, ஆள் நல்லா இருக்கார். அதனாலதான் வேண்டாங்கறேன்” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

போட்டி நடந்தது நகர நூலகத்தின் பின்பக்கக் கூடத்தில். கண்ணாடிக் கதவு. காவலாளி ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“கடைசி ஆட்டம் நடக்குது. உள்ளே விடக் கூடாது.”

“உள்ளே வரலை தம்பி. ஒரு தடவை பார்த்துக்கறேன், போதும்” என்று அத்தை கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றார்.

கூடத்தின் நடுவில் ஒரே ஒரு மேசை. அதன் ஒரு பக்கம் ஒல்லியான ஒரு மருந்துக்கடைக்காரர். மறுபக்கம் மாமா. காதைக் குடைந்துகொண்டு, உதட்டைக் குவித்து, பலகையை முறைத்துக்கொண்டிருந்தார். ஃபோனைச் சத்தமில்லாமல் பையில் போட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நடத்துநர், சத்தமே இல்லாத அந்தக் கூடத்தில் கொட்டாவியைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். மாமா ஒரு காயைத் தொடப் போனார், மனசு மாறி விரலை மட்டும் ஆட்டினார், பெருமூச்சு விட்டார். அவர் மூச்சு விடுவதை இத்தனை ஆசையாக வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

“பாரு, நேத்துப் போட்ட சட்டையையே போட்டுட்டு வந்திருக்கார்” என்றார் அத்தை. திட்டுகிற குரல்தான். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மாமா தலையைத் தூக்கினார். கண்ணாடிக்கு வெளியே மனைவி அழுதுகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் மருமகள், கண்ணெல்லாம் வீங்கி. பின்னால் செயலாளர், கைகளைக் கட்டிக்கொண்டு. மகன் மட்டும் இல்லை.

மாமாவின் முகம் வெளுத்தது. நாற்காலி தரையைக் கிழித்துக்கொண்டு பின்னால் போயிற்று. கடிகாரம் ஓட ஓட, கூடமே திரும்பிப் பார்க்க, விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஹாரன் என்று ஊரே கூப்பிடும் மனிதருக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

“பையனுக்கு... பையனுக்கு என்ன ஆச்சு?”

“அவனுக்கு ஒண்ணும் ஆகல” என்றார் அத்தை. “நீங்கதான் செத்துப்போயிட்டீங்க.”

“யார் சொன்னது?”

“உங்க மருமக பெட்டி சொல்லிச்சு.”

மாமா மருமகளைப் பார்த்தார். அவள் ஃபோனை நீட்டினாள். அஞ்சலி. தொப்பி. இறுதிச். மாமா படித்தார். ஒருமுறை தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

“பையன் நல்லா இருக்கான்ல?”

“நல்லா இருக்கார் மாமா. வந்துக்கிட்டு இருக்கார்.”

“அது போதும். நான் செத்தா பரவாயில்ல” என்று அவர் சொன்னதும், “வாயைக் கழுவுங்க!” என்று அத்தை அவர் தோளில் ஒன்று வைத்தார். காவலாளி மறுபடியும் உதட்டில் விரலை வைத்தார், ஆனால் இந்தத் தடவை அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “சார், உங்க நேரம் ஓடுது” என்று கூடத்தைக் காட்டினார்.

மாமா உள்ளே ஓடினார். அதற்கப்புறம் அவர் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. காயை எடுத்தார், வைத்தார், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மருந்துக்கடைக்காரருக்கே சங்கடமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்து, இரண்டாம் பரிசுக் கோப்பையோடு வெளியே வந்தார். தோற்றவர் மாதிரியே இல்லை.

“இறுதிச் சுத்துக்கு வந்துட்டேன்னு சொன்னா என்னவாம்?” என்று அத்தை பிடித்துக்கொண்டார்.

“சொன்னா நீ கிளம்பி வந்துடுவே. நீ பார்த்தா எனக்குக் கை உதறும்.”

“இப்ப மட்டும் பார்க்கலையா?”

“அதான் தோத்தேனே.”

இதைச் சொல்லி வாய் மூடவில்லை, மகன் வந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையெல்லாம் லிஃப்ட் கிரீஸ். மனைவி வழியிலேயே ஃபோனில் சொல்லிவிட்டாள், அப்பா நல்லா இருக்கார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடி வந்து, அப்பாவை அந்தக் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்து, விடவே இல்லை.

“டேய், சட்டை... சட்டை” என்றார் மாமா. ஆனால் மகன் முதுகில் இருந்த தன் கையை எடுக்கவில்லை.

நூலகத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் அப்படி ஒரு பசி. செயலாளர் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். நடத்துநர், பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பழைய சீருடைப் படத்தைக் கொடுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டு, மாமா பஸ் ஓட்டிய காலத்துக் கதைகளை எடுத்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் மருமகளின் ஃபோன் அடித்தது. பத்திரிகை அலுவலகத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்பவர். அவள் காலையில் அடித்த தடவைகளையெல்லாம் பார்த்துவிட்டு, யாரோ என்னவோ என்று பயந்து கூப்பிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். முந்தின இரவு அவர்கள் பழைய தளத்தை விட்டுப் புதியதற்கு மாறினார்கள். மாறும்போது ஒவ்வொரு பகுதிக்கும் இருந்த எண் இடம் மாறிப்போனது. அஞ்சலிக்கு இருந்த எண் விளையாட்டுக்குப் போய்விட்டது. மருமகளின் பெட்டி, பாவம், பழைய எண்ணையே கேட்டது. அங்கிருந்து விளையாட்டுச் செய்தி வந்தது. அதை வாங்கி அஞ்சலிக்குக் கீழே வைத்துவிட்டு, சொன்னபடி தலைப்பையும் வெட்டிவிட்டது.

“முழுத் தலைப்பு என்னங்க?” என்று கேட்டாள்.

“‘ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் இறுதிச் சுற்றில்: மூத்தோர் செஸ் போட்டியில் அசத்தல்.’ ஏங்க, எதாவது பிரச்சினையா?”

“இப்ப இல்லைங்க” என்றாள் மருமகள். ஸ்பீக்கரில் போட்டு அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ‘அசத்தல்’ என்ற இடத்தில் மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

ஃபோனை வைத்ததும் அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “என்னை மன்னிச்சிடுங்க மாமா. எல்லாம் நான் வச்ச பெட்டியால வந்தது.”

“அட, விடும்மா” என்றார் மாமா. “டெப்போவுல போர்டை மாத்தி மாட்டிட்டா, ஏறுற ஜனம் என்ன பண்ணும், ஓட்டுறவன்தான் என்ன பண்ணுவான்? போய்ச் சேர்ற இடம் நல்ல இடமா இருந்துச்சா, அதைப் பாரு. எத்தனை பேர் அழுதாங்க?”

“தையல்கார அக்கா ரொம்ப அழுதாங்க மாமா.”

“அப்படியா?” மாமாவின் முகம் மலர்ந்தது. “வேற யாரு?”

“ஒரு மலர்வளையமே சொல்லியாச்சு” என்று அத்தை போட்டுக்கொடுத்தார். செயலாளருக்குப் புரையேறியது. மாமா அவர் தலையில் தட்டிவிட்டு, “பெருசா சொன்னீங்களா, சின்னதா?” என்று கேட்டார். பெரியதுதான் என்று தெரிந்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கார் குடியிருப்புக்குள் நுழைந்தபோது வாசலில் பெரிய கூட்டம். செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் போகமாட்டோம் என்று நின்றார்கள். மாமா இறங்கியதும் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். தையல்கார அக்கா மறுபடியும் அழுது, “இனிமே எங்கே போனாலும் ஃபோனைத் திறந்து வைங்க, சொல்லிட்டேன்” என்று திட்டி, தன் ஃபோனை அத்தையிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மாமா கோப்பையை எல்லாருக்கும் காட்டினார். “சத்தம் போடாதீங்க, குழந்தை தூங்குது” என்று வழக்கமாக அதட்டும் கீழ்வீட்டுக்காரர்கூட, “சத்தமாவே பேசுங்க மாமா, கேட்டுட்டுப் போறோம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கிரீஸ் சட்டையோடேயே கட்டிலில் விழுந்தார். மருமகள் கூடத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். இனிமேல் எண்ணை நம்பாமல் பகுதியின் பெயரைக் கேட்டு வாங்கும்படி மாற்றினாள். வருகிற செய்தியில் அந்தப் பெயர் இல்லை என்றால் பெட்டி காலியாகவே இருக்கட்டும் என்று எழுதினாள். தலைப்பை வெட்டுகிற வரியை முழுசாக எடுத்துவிட்டு, நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடங்கிப் போகும்படி செய்தாள். பக்கத்தில் கணவன் ஒரு தலையணையைப் போட்டுத் தரையிலேயே படுத்திருந்தான். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

உள்ளே மாமா குறட்டை விட ஆரம்பித்தார். பழைய வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு குறட்டை. வேறு நாளாக இருந்தால் அத்தை உலுக்கி எழுப்பித் திருப்பிப் படுக்க வைத்திருப்பார். இன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் காபியோடு, அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தார்.